முதல் வரியில் ஐயரின் பெயர்

அந்த நோட்டு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நீளமான ரெஜிஸ்டர் நோட்டு. முதுகில் சிவப்புத் துணி, ஓரம் பிய்ந்த கறுப்பு அட்டை. முக்கால்வாசி நிரம்பிவிட்டது. வரிக்கு ஒரு பெயர், பெயருக்கு எதிரே ஊர் அல்லது தெரு. பெரும்பாலும் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமைகளில் எழுதப்பட்டவை. ஏறக்குறைய எல்லாப் பக்கங்களும் என் கையெழுத்து. ஒரு பக்கம் மட்டும் ஐயருடையது. அதில் எழுத்துகள் கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் போகின்றன, ஏனென்றால் மேசை இல்லாமல் தொடைமேல் வைத்து எழுதியது. அந்தப் பக்கத்தின் முதல் வரியில் இருப்பது ஐயரின் பெயர். நோட்டு முழுவதிலும் ஒரு போதகரின் பெயர் வருவது அந்த ஒரே இடத்தில்தான்.

எங்கள் சபையை அறியாதவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். லுத்தரன் சபைகளில் நாங்கள் போதகரை ஐயர் என்போம். சாதிப் பெயர் அல்ல. அவர் எந்த வீட்டில் பிறந்தவராக இருந்தாலும் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. அடுத்தது, திருவிருந்து. மாதத்தின் முதல் ஞாயிறு அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கப்படும். அதில் பங்கெடுக்க விரும்புகிறவர் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு நடக்கும் ஆயத்த ஆராதனைக்கு வந்து, பாவ அறிக்கை சொல்லி, மன்னிப்பின் வார்த்தையைக் கேட்டு, நேரில் பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் ஞாயிறு காலை பீடத்துப் படிக்கு வரக் கூடாது. பெயர் வாங்குகிறவரே ஐயர் என்பதால் அவர் பெயர் பட்டியலில் வராது. டிக்கெட் பரிசோதகரிடம் யார் டிக்கெட் கேட்பார்கள்?

நான் அப்போது ஓசூரில் ஒரு நாளிதழின் நிருபர். ஆலை விபத்து, யானை நடமாட்டம், தக்காளி விலை, எல்லைச் சோதனைச் சாவடியில் லாரி வரிசை, இவைதான் என் அன்றாடம். சபைச் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தேன். எழுதத் தெரிந்தவன் என்பதால் நோட்டு என்னிடம் வந்தது.

ஐயர் எங்களிடம் வந்தபோது ஐம்பதைக் கடந்திருந்தார். இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாறு கற்பித்துவிட்டு, தானே கேட்டுச் சபைப் பணிக்கு இறங்கியவர். முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் வாசல் பலகையில் பெயருக்கு முன் டாக்டர் என்று எழுதி வைத்திருந்தோம். வந்த வாரமே பக்கத்துத் தெருவின் தெலுங்குக்கார அம்மாள் ஒருவர் முழங்கால் வலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். ஐயர் வலியின் கதை முழுவதையும் கேட்டார். பிறகு தான் அந்த டாக்டர் இல்லை என்றார்.

“போர்டுல டாக்டருன்னு போட்டிருக்கே சாமி?”

“நான் படிச்ச நோய் வேறம்மா. அதுக்கு ஊசி கிடையாது.”

அரசு மருத்துவமனைக்குப் போகும் பஸ் ஏற்றிவிட்டு வந்தவர், மறுநாள் வெள்ளைப் பெயின்ட் வாங்கி அந்த ஒரு சொல்லை மட்டும் தானே அழித்தார்.

தமிழ் லுத்தரன் சபைகளின் ஆராதனை முறைமைகள் எப்படி உருவாயின என்று ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு முன்னறையில் இரண்டு தகரப் பெட்டிகள் நிறையப் பழைய அறிக்கைகள். பாதி ஜெர்மன், பாதி கிராமச் சபைகளைக் கவனித்த உபதேசியார்கள் கையால் எழுதிய தமிழ். தேதி கிழித்த காலண்டர் அட்டைகளை ஒரே அளவாக வெட்டி, ஓர் அட்டைக்கு ஒரு செய்தி என்று எழுதுவார். வலது மூலையில் மூன்றில் ஒரு சொல் இருக்கும்: பார்த்தேன், கேட்டேன், நினைக்கிறேன். மூல ஆவணத்தைத் தன் கண்ணால் கண்டிருந்தால் பார்த்தேன். யாரோ சொல்லியிருந்தால் கேட்டேன். ஆதாரம் இல்லாத ஊகமானால் நினைக்கிறேன். எங்கள் செய்தி அறையில் யாரும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. நான் பலமுறை அந்த அட்டைகளைப் பொறாமையோடு பார்த்திருக்கிறேன்.

சபையின் மாதப் பத்திரிகையில் அவர் சனிக்கிழமை ஆயத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சனிக்கிழமை மாலை நேரில் வந்து பெயர் கொடுக்கும் முறை நம் விசுவாச அறிக்கைகளோடு சேர்ந்தே வந்தது, ஆதி முதல் இடைவிடாமல் காக்கப்பட்டது, ஆகவே அதைத் தளர்த்த எந்தச் சபைக்கும் அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். மெய்ப்பு பார்த்தவன் நான். தாலுகா அலுவலகக் குறிப்பாக இருந்திருந்தால் ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பேன். எழுதியவர் ஐயர் என்பதால் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

எங்கள் மூப்பருக்கு அந்தக் கட்டுரை மிகவும் பிடித்துப்போனது. மூப்பர் என்பது வயதைக் குறிக்காது. சபைச் சங்கத்தில் ஒழுங்கைக் கவனிக்கும் பொறுப்பு அது. அவர் ஒரு ஆலையின் டூல் ரூமில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நூல் அளவு பிசகினாலும் பீஸைத் திருப்பி அனுப்பிய கை. கட்டுரையைக் கத்தரித்து, லேமினேட் செய்து, அறிவிப்புப் பலகையில் நான்கு மூலைக்கும் ஆணி அடித்து மாட்டினார்.

எங்கள் சபையில் எல்லாப் பெண்களும் சகோதரிதான். அதனால் ஊர்ப் பெயர் சேர்த்துப் பிரித்துச் சொல்வோம். சாமல்பட்டிச் சகோதரி அப்படித்தான் சாமல்பட்டிச் சகோதரி ஆனார். பிறந்தது அங்கே, வாழ்வது பாகலூர் சாலையில். வண்டிகளுக்கான வயர்க்கட்டுகள் செய்யும் ஆலை ஒன்றில் வேலை. கணவருக்கு வேறோர் ஆலையில் முதல் ஷிப்ட். வீட்டில் பெண் குழந்தை தனியாக இருக்கக் கூடாது என்று இவர் கேட்டு வாங்கிக்கொண்டது நிரந்தர இரண்டாம் ஷிப்ட். ஒருவர் இறங்கும் நேரத்துக்கு இன்னொருவர் ஏறுவார். ஓசூரில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் நடக்கின்றன. மதியம் ஒன்றேகாலுக்குக் கம்பெனி பஸ். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் நின்றிருப்பது வேலைப் பலகை முன்னால். ஆகவே பல மாதங்களாக அவர் பெயர் நோட்டில் இல்லை. ஞாயிறுதோறும் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார், திருவிருந்து தொடங்கும்போது தலைகுனிந்து இருப்பார். யாரும் அதைப் பேசவில்லை. நானும் கவனித்தேன், பேசவில்லை.

அவர் மகளுக்குத் திடப்படுத்தல் வந்தது. ஞானோபதேசப் பாடங்களை ஓராண்டு படித்து, சபை முன்னால் விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கை செய்து, பிள்ளை முதல் முறையாகத் திருவிருந்து வாங்கும் நாள். அன்று தாயும் தகப்பனும் பிள்ளைக்கு இருபுறமும் முழங்காலிடுவது எங்கள் சபை வழக்கம். ஐயர் வலமிருந்து வந்தார். தகப்பனுக்குக் கொடுத்தார். பிள்ளைக்குக் கொடுத்தார். தாயின் முன்னால் வந்து நின்றார். கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏந்தியிருந்தன.

“பேர் இல்லையேம்மா,” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மூன்றாவது வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

சகோதரி கைகளை உடனே மூடாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். ஐயர் அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். பிள்ளை உள்ளங்கையில் அப்பத்தோடு தாயைப் பார்த்தாள். சாப்பிடு என்று தாய் தாடையை அசைத்த பிறகுதான் வாயில் போட்டாள். சாமல்பட்டிச் சகோதரி எழுந்து, சேலையைச் சரிசெய்து, நடுவழியாகவே நடந்து வெளியே போனார். ஓரமாகப் போகவில்லை.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி இருந்தது. முந்தின நாள் மதியம் அவர் எனக்குப் போன் செய்திருந்தார். “அண்ணா, நாளைக்குப் பாப்பாவுக்குத் திடப்படுத்தல். லீவு கேட்டன், ஆடிட் இருக்குதுன்னு குடுக்கல. என் பேர எழுதிக்கங்கண்ணா, ஐயர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க.” பார்க்கிறேம்மா என்றேன். ஒரு நிருபர் பார்க்கிறேன் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. போனில் பெயர் வாங்கும் வழக்கம் இல்லை, அறிவிப்புப் பலகையில் கட்டுரை மாட்டியிருக்கிறது, மூப்பரோடு யார் வாக்குவாதம் செய்வது. எழுதவில்லை. ஐயரிடம் சொல்லவும் இல்லை. பெயர் நோட்டில் இருக்கிறது என்று நம்பித்தான் அவர் அந்தப் படியில் முழங்காலிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. மகளும் வரவில்லை. ஐயர் ஒருநாள் காலை அவர் வீட்டுக்குப் போனார். காப்பி கொடுத்தார்களாம், நன்றாகப் பேசினார்களாம், சபையைப் பற்றி ஒரு சொல் இல்லையாம். “கோபப்பட்டிருந்தா பதில் சொல்லியிருப்பன். காப்பிக்குச் சக்கரை போதுமான்னு கேக்கறாங்க,” என்றார்.

அன்றே அவர் தன் கட்டுரைக்குப் பின்னால் இருந்த அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். நான் அப்போது அங்கே இருந்தேன். பாவ அறிக்கைக்கான அட்டையின் மூலையில் ‘பார்த்தேன்’ என்று இருந்தது. திருவிருந்துக்கு முன் போதகர் விசாரிக்க வேண்டும் என்ற அட்டையிலும் ‘பார்த்தேன்’. சனிக்கிழமை, நேரில், ஆதி முதல் இடைவிடாமல் என்று எழுதியிருந்த அட்டையின் மூலையில் இருந்தது ‘நினைக்கிறேன்’. கட்டுரையாக எழுதும்போது மூலையில் இருந்த சொல் காணாமல் போயிருந்தது. ஊகம் வரலாறாகிவிட்டது. வரலாறு விதியாகி, விதி ஒரு பெண்ணின் கையைக் காலியாக அனுப்பியிருந்தது. அவர் அந்த அட்டையைத் தனியாக எடுத்து வைத்து, “இத நான்தான் எழுதினன்,” என்றார். அந்தக் குரலில் வருத்தத்தைவிட எரிச்சல் அதிகம் இருந்தது. மாணவனின் விடைத்தாளைத் திருத்தும் குரல்.

பிறகு அவர் செய்தது தேடல். ஊத்தங்கரைப் பக்கத்துப் பழைய சபை வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். எனக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஓடு சரிந்த ஒரு போதகர் வீட்டின் பரணில், ஒரு பழைய ஐயரின் நாட்குறிப்பு கிடைத்தது. கறையான் ஓரங்களைத் தின்றிருந்தது, நடுப்பகுதி தப்பியிருந்தது. அந்தப் பழைய ஐயருக்கு ஒன்பது கிராமங்கள், ஒரு மாட்டு வண்டி. சாமல்பட்டிப் பக்கம் வண்டி வந்து சேர்வது சனிக்கிழமை மாலை. ஞாயிறு உச்சிவேளைக்குள் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். சண்டையிட்டவர்களைச் சமாதானம் செய்யவும், மனம் கலங்கியவர்களிடம் பேசவும் அவருக்கு இருந்தது அந்த ஒரு மாலைதான். அதனால் சனிக்கிழமை பெயர் கொடுக்கச் சொன்னார். பெயர் வாங்கியது ஆளைத் தேடிப் போவதற்காக.

சில பக்கங்கள் தள்ளி இன்னொரு குறிப்பு. மழை பொய்த்த ஒரு வருடம். சபையார் பலர் கூலிக்குச் சாலை போடப் போய்விட்டார்கள், சனிக்கிழமை மாலை வர முடியவில்லை. பழைய ஐயர் அந்த வாரம் வண்டியைத் திருப்பி, வேலை நடக்கும் இடத்துக்கே போய், ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்து, அவர்கள் கூழ் குடிக்கும் நேரத்தில் பெயர் வாங்கியிருக்கிறார். அங்கேயே மன்னிப்பின் வார்த்தையும் சொல்லியிருக்கிறார். எங்கள் ஐயர் அந்தப் பத்தியை இரண்டு முறை வாசித்தார். பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து எழுதி, மூலையில் பார்த்தேன் என்று போட்டு அடிக்கோடிட்டார். “ஒரு வண்டியோட டைம்டேபிள், செக்ரட்டரி. அதத்தான் நான் கடவுள் கட்டளன்னு எழுதியிருக்கன்.”

சபைச் சங்கக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. நடவடிக்கைக் குறிப்பு எழுதியது நான், ஆகவே பேச்சு பெரும்பாலும் நினைவிருக்கிறது. ஐயர் நாட்குறிப்பின் நகலை வாசித்துவிட்டுச் சொன்னார்: “சபையில மூணு வகைக் காரியம் இருக்குது. கடவுள் செய்யின்னு சொன்னது. செய்யாதேன்னு சொன்னது. ரெண்டும் சொல்லாம நம்ம கையில விட்டது. மூணாவது வகைய ஒழுங்குக்காக வெச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா அத முதல் வகைன்னு சொல்லி ஒருத்தர வெளியில நிறுத்தினா, அப்ப அதுக்கு அடங்கிப் போகக் கூடாது. இது என் சொந்தக் கருத்து இல்ல. நம்ம முன்னோர் சிறையைப் பாத்துப் பயப்படாம அறிக்கை பண்ணினது.”

மூப்பர் எழுந்தார். “அப்ப நீங்க எழுதினது?”

“தப்பு.”

“லேமினேட் பண்ணி மாட்டியிருக்கன் ஐயரே.”

“தெரியும். அதான் தப்பு நனையாம நல்லா இருக்குது.”

யாரோ சிரித்தார்கள். மூப்பர் சிரிக்கவில்லை. அவருடைய பயம் வீம்பு அல்ல என்பதையும் நான் இங்கே பதிவு செய்ய வேண்டும். நாற்பது வருடம் ஒழுங்கைக் காத்த மனிதர். “இன்னிக்கு ஷிப்டும்பாங்க, நாளைக்கு சீரியல்ம்பாங்க. அளவு பாக்கற கேஜை ஒரு நூல் தளர்த்தினா அப்புறம் எல்லாப் பீஸும் பாஸ்தான். ஆயத்தம் இல்லாம படிக்கு வந்தா அது யாருக்கு நல்லது?”

“ஆயத்தம்னா என்ன மூப்பரே? இது எனக்காகக் கொடுக்கப்பட்டதுன்னு நம்பறதுதான். அதுக்கு மேல ஒரு தகுதி கேட்டா நானே அந்தப் படியில நிக்க முடியாது.” ஐயர் நிறுத்தி, வேறு பக்கமிருந்து கேட்டார். “உங்க டூல் ரூம்ல கேஜ் சரியா இருக்குதான்னு எப்படிப் பாப்பீங்க?”

“மாஸ்டர் கேஜுன்னு ஒன்னு பூட்டி வெச்சிருப்பம், அதோட வெச்சுப் பாப்பம்.”

“எத்தன நாளைக்கு ஒருக்கா?”

“ஆறு மாசம்.”

“நாம எப்ப பாத்தம்?”

மூப்பர் நேராகப் போய், சட்டைப்பையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அறிவிப்புப் பலகையின் நான்கு ஆணிகளையும் நெம்பி எடுத்தார். கட்டுரையைக் கிழிக்கவில்லை. மடித்துத் தன் வேதாகமப் பையில் வைத்துக்கொண்டார். தீர்மானம் நிறைவேறியது: வாரத்தில் எந்த நாளிலும், எந்த இடத்திலும் பெயர் கொடுக்கலாம்.

கூட்டம் முடிந்து கதவைப் பூட்டும்போது ஐயர் என்னிடம் கேட்டார். “உங்க பேப்பர்ல முதல் பக்கத்துல தப்பு வந்தா, திருத்தம் எங்க போடுவீங்க?”

“உள்ள. கடைசி பத்தியில, கீழ.”

“யாரும் பாக்காத இடத்துல.”

“ஆமாங்க.”

“நான் தப்பு பண்ணினது பீடத்துல. திருத்தமும் அங்கதான்.”

அடுத்த ஞாயிறு அவர் பிரசங்கப் பீடத்தில் ஏறவில்லை. திருவிருந்துப் படியில், அன்று சாமல்பட்டிச் சகோதரி முழங்காலிட்ட அதே இடத்தில் நின்று, தான் எழுதியது பொய், தான் செய்தது அநியாயம் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். காரணம் அடுக்கவில்லை. நான் நிறைய மன்னிப்பு அறிக்கைகளை மொழிபெயர்த்திருக்கிறேன், எதிலும் ஓர் ‘ஆனால்’ இருக்கும். இதில் இல்லை. ஆனால் கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

எனவே சனிக்கிழமை மதியம் ஐயர் நோட்டை எடுத்துக்கொண்டு பாகலூர் சாலையில் கம்பெனி பஸ் நிற்கும் நிழற்குடைக்குப் போனார். குடை பிடித்துக்கொண்டு நானும் போனேன். செயலாளர் என்ற முறையில் என்று சொல்லிக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை அவர் மன்னிப்புக் கேட்டபோது, “பஸ் வருதுங்க ஐயா,” என்று சகோதரி ஏறிவிட்டார். இரண்டாவது சனிக்கிழமை, “எல்லாரும் பாக்கறாங்க ஐயா, போங்க,” என்றார். “அன்னைக்கும் எல்லாரும் பாத்தாங்கம்மா,” என்றார் ஐயர். மூன்றாவது சனிக்கிழமை சகோதரி வரவே இல்லை, விடுப்பு. ஐயர் பஸ் போகும்வரை நின்றார். கன்னடக்கார டிரைவர் இவரை யாரோ புது சூப்பர்வைசர் என்று நினைத்து, “ஹத்தி சார், லேட் ஆகுத்தே,” என்று ஏறச் சொன்னார். வெயிலில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எவ்வளவு வாரம் இப்படி என்று கேட்டேன். “பழைய ஐயருக்கு வண்டிதான் இருந்தது. எனக்குப் பஸ் ஸ்டாப்பே வீட்டுக்குப் பக்கம்,” என்றார். அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

நான்காவது சனிக்கிழமை சகோதரி கால் மணி நேரம் முன்னதாகவே வந்து, சிமென்ட் பெஞ்சில் ஐயர் பக்கத்தில் உட்கார்ந்தார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை.

“இந்த நோட்டுல உங்க பேரு எங்க ஐயா இருக்குது?”

“என் பேர் இருக்காதும்மா.”

“அப்ப உங்களுக்கு யாரு மன்னிப்பு சொல்வாங்க?”

இந்தக் கேள்விக்கு ஐயரின் தகரப் பெட்டிகளில் பதில் இருந்தது. மன்னிப்பின் வார்த்தையைச் சொல்லும் அதிகாரம் அங்கிக்குச் சொந்தமில்லை, நெருக்கடியில் எந்த விசுவாசியும் இன்னொருவருக்குச் சொல்லலாம் என்பது எங்கள் சபையின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. கல்லூரியில் அதைப் பல வருடம் கற்பித்திருக்கிறார்.

“நீங்க சொல்லலாம்மா.”

“நானா? யூனிபாரத்தோடயா?”

“யூனிபாரத்தோடயே.”

“அப்ப முதல்ல உங்க பேர எழுதுங்க.”

ஐயர் தொடைமேல் நோட்டை வைத்துப் புதிய பக்கத்தில் தன் பெயரை எழுதினார். பிறகு கைகளை மூடிக்கொண்டு, தான் அவரைப் படியில் ஒதுக்கியதைப் பாவம் என்று சொல்லி அறிக்கை செய்தார். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிறுவயது முதல் சனிக்கிழமைகளில் கேட்டு மனப்பாடமான மன்னிப்பின் வார்த்தைகளை சகோதரி தரையைப் பார்த்தபடி சொன்னார். நடுவில் ஒருமுறை தடுமாறி, முதலிலிருந்து சொன்னார். முடித்ததும் நிமிர்ந்து, “இனி ஞாபகமா இருக்கட்டும் ஐயா. மறுபடி என்னய மன்னிப்புச் சொல்ல வெச்சீங்கன்னா எனக்கு பஸ் போயிரும்,” என்றார். ஐயர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“என் பேரயும் எழுதுங்க. ஊரு சாமல்பட்டின்னே போடுங்க. பாகலூர்னு போட்டா யாருக்கும் தெரியாது.”

பஸ் ஹாரன் அடித்தது. ஏறுவதற்கு முன் அவர் என்னைப் பார்த்தார். போனில் நான் சொன்னதை அவர் மறந்திருக்க வாய்ப்பில்லை. பேர எழுதச் சொன்னேனே அண்ணா என்று ஒரு வாக்கியம் அவர் சொல்லியிருந்தால் ஐயர் பாதிப் பாரத்தை என் பக்கம் மாற்றியிருப்பார். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. குடையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஐயர் ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரியில் இருக்கிறார். நூல் இன்னும் முடியவில்லை. சனிக்கிழமையைப் பற்றிய அத்தியாயத்தை மறுபடி எழுதுகிறார். நானும் நாளிதழிலிருந்து வெளியே வந்துவிட்டேன். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போய், அந்தப் போன் அழைப்பைச் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து. கேட்டு முடித்து, மேசையிலிருந்து ஒரு காலண்டர் அட்டையை என் பக்கம் தள்ளினார். “எழுதிக் குடுங்க. மூலையில சரியான வார்த்தைய போடுங்க. அப்புறம், என்கிட்ட சொன்னது போதாது. யாருக்குக் கடனோ அங்க போங்க.”

போகும் வாய்ப்பு அடுத்த சங்கக் கூட்டத்திலேயே வந்தது. சாமல்பட்டிச் சகோதரி இப்போது சங்க உறுப்பினர். அவர் மகள் போச்சம்பள்ளியில் ஓர் ஆலையில் வேலை செய்து, அங்கேயே விடுதியில் இருக்கிறாள். ஞாயிறு மட்டும் வருவாள். புதிதாக வந்திருக்கும் இளம் ஐயர், வெளியூரில் இருப்பவர்கள் போனில் பெயர் சொல்லலாமா என்று கேட்டார். எதிர்த்தவர் மூப்பர். எண்பதை நெருங்கியும் அதே குரல். “எங்க ஐயர் வெயில்ல நிழற்குடையில உக்காந்து பேர் வாங்கினவரு. சனிக்கிழமை ஒன்னேகால் மணி, அந்த பெஞ்சு. அதுதான் நம்ம முறை. அத மாத்த நமக்கு அதிகாரம் கிடையாது.”

மாட்டு வண்டி போய்ப் பஸ் வந்திருந்தது. மறுபடியும் ஆணி அடிக்கப் பார்க்கிறோம். நான் நோட்டைத் திறந்து ஐயரின் பக்கத்தை மூப்பர் முன் வைத்தேன். கேஜை மாஸ்டரோடு வைத்துப் பார்த்து ஆறு மாதம் ஆகிவிட்டது மூப்பரே என்றேன். பிறகு எழுந்து நின்று, திடப்படுத்தலுக்கு முந்தின நாள் எனக்கு வந்த போனைப் பற்றியும், நான் எழுதாமல் விட்ட பெயரைப் பற்றியும், ‘ஆனால்’ சேர்க்காமல் சொன்னேன். மூப்பர் அந்தப் பக்கத்தின் முதல் வரியில் விரல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாமல்பட்டிச் சகோதரி என்னைப் பார்த்தார். “இத எப்ப சொல்வீங்கன்னுதாண்ணா பாத்துக்கிட்டு இருந்தன்,” என்றார். மன்னிப்பின் வார்த்தைகளைச் சொன்னார். இந்த முறை தடுமாறவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து மகளை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தார். பின்னால் பஸ்ஸின் இரைச்சல், பெண்களின் சிரிப்பு.

“பாப்பா, பேரச் சொல்லு. செக்ரட்டரி மாமா எழுதறாரு.”

“எழுதிருவாராம்மா?” என்றது போன்.

மூப்பர் என்னைப் பார்த்தார். நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, சட்டைப்பையிலிருந்து தன் பேனாவைக் கொடுத்தார். புதிய பக்கம். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது வரியில் அவள் சொன்ன பெயரை, அவள் சொல்லச் சொல்ல, எழுத்தெழுத்தாக.